பிப்ரவரியில் ஹர் கி தூன் போகலாமா? பனிச்சரிவு அபாயத்தை எப்படிப் பார்ப்பது?

மன்னை_மணி:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் மன்னார்குடி பக்கம். சம்பா அறுவடை எப்படியும் ஜனவரி கடைசிக்குள் முடிந்துவிடும், நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டால் அப்புறம் கொஞ்ச நாள் கை சும்மாதான் இருக்கும். அந்த இடைவெளியில் நாலு பேர் உத்தராகண்ட் போகிறோம். மன்னை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து டெல்லி, டேராடூன், நடை தொடங்குகிற மலைக்கிராமமான சாங்க்ரி. முதலில் கேதார்காந்தா சிகரம், அதற்கு ஒரு ட்ரெக்கிங் ஏஜென்சியில் பணம் கட்டியாகிவிட்டது. அதில் குழப்பம் இல்லை.

குழப்பம் அடுத்ததில்தான். கூட வருகிற என் மச்சான் கோடைக்காலத்தில் இமயமலையில் நடந்து பழகியவர். கேதார்காந்தா முடிந்து சாங்க்ரி இறங்கியதும் அப்படியே ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்கு ஏஜென்சி, கைடு என்று யாரும் இல்லாமல் நாமே கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்கிறார். போனில் ஆஃப்லைன் மேப் இருக்கிறது, பாதை ஆற்றை ஒட்டியே போகிறது, சிகரம் எதுவும் ஏறப்போவதில்லை, உள்ளே ஓஸ்லா வரைக்கும் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், இந்த வருஷம் பனியும் குறைச்சல் என்று கேள்வி, அதனால் பனிச்சரிவு எல்லாம் நமக்கு வராது என்பது அவர் வாதம். வானிலை ஆப்பில் வெயில் காட்டினால் கிளம்புவது, மேகம் காட்டினால் சாங்க்ரியிலேயே படுத்துக்கொள்வது, இதுதான் அவர் திட்டம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் என்ன சொல்லி மறுப்பது என்றும் தெரியவில்லை. வயலில் வரப்பு உயரம்தான் நாங்கள் பார்த்த சரிவு. அங்கே பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள். வெயில் அடித்தால் போதுமா? பனி குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவுதானே? பீக்கன் என்று ஒரு கருவி சொல்கிறார்களே, அதை வாடகைக்கு எடுத்தால் உபயோகமா?

---

டேராடூன்_குடந்தையான்:

மணி, நான் கும்பகோணம். வேலை டேராடூனில், குளிர்காலத்தில் அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவன். உங்கள் மச்சான் சொல்வதில் ஒவ்வொன்றும் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, அதுதான் சிக்கலே.

முதலில் வெயில் கணக்கு. நம் ஊரில் வானிலை அறிக்கை கேட்கிற பழக்கம் புயலுக்காக வந்தது. காற்றழுத்தத் தாழ்வு, எங்கே கரை கடக்கிறது, எப்போது கடக்கிறது, கடந்து முடிந்தால் கதவைத் திறந்து வெளியே வந்து எத்தனை தென்னை சாய்ந்தது என்று பார்க்கலாம். பனி மலையில் அந்தப் பழக்கம் ஆளைக் கவிழ்த்துவிடும். பனி கொட்டும்போதும், கொட்டி நின்ற அடுத்த ஒன்றிரண்டு நாளிலும்தான் பெரும்பாலான சரிவுகள் நடக்கின்றன. அதாவது வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருக்கிற, எல்லோரும் போட்டோ எடுக்கக் கிளம்புகிற அந்த முதல் நாள்தான் மோசமான நாள். அதனால் ஆப்பில் நாளைக்கு என்ன காட்டுகிறது என்று பார்ப்பதோடு நிற்காமல் கடந்த ஒரு வாரம் என்ன நடந்தது என்று கேளுங்கள். எவ்வளவு பனி விழுந்தது, எத்தனை மணி நேரத்தில் விழுந்தது, காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது, திடீரென்று வெப்பம் ஏறியதா. ஒரே நாளில் ஓர் அடி புதுப் பனி என்றால் நான் செங்குத்துச் சரிவு பக்கமே போக மாட்டேன். பிப்ரவரியில் மேற்கத்தியக் கலக்கம், அதாவது மேற்கிலிருந்து வந்து பனி கொட்டுகிற வானிலை, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும், ஒன்று போய் அடுத்தது வருவதற்குள் கிடைக்கும் வெயில் நாட்களை நம்பித்தான் எல்லோரும் திட்டம் போடுகிறார்கள், அது வேறு விஷயம்.

காற்றை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், பனி விழாமலேயே காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டு போய் முகட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டும். மேலே கார்னிஸ் என்று ஓர் உதடு நீட்டிக்கொண்டு நிற்கும், அதற்குக் கீழே இருக்கும் சரிவில் அழுத்தமான கனத்த அடுக்கு ஏறியிருக்கும். ஆப்பில் ஒரு சென்டிமீட்டர் பனிகூடக் காட்டியிருக்காது.

அடுத்தது, 'பனி குறைச்சல், அதனால் ஆபத்தும் குறைச்சல்' என்பது. இது பெரும்பாலும் தலைகீழ். டிசம்பரில் கொஞ்சமாக விழுந்த பனி, தெளிந்த வானத்தின் குளிரில் வாரக்கணக்கில் கிடக்கிறது என்று வையுங்கள். பனிக்கு அடியில் தரை கிட்டத்தட்ட 0 டிகிரியிலேயே இருக்கும். மேற்பரப்பு மைனஸ் 12. பனியின் கனம் 40 சென்டிமீட்டர்தான் என்றால் பத்து சென்டிமீட்டருக்கு 3 டிகிரி வித்தியாசம் வருகிறது. பத்து சென்டிமீட்டருக்கு 1 டிகிரியைத் தாண்டினாலே அடியில் இருக்கும் பனித் துகள்கள் உருமாறி, முனை முனையாக, ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாகிவிடும். கையுறையில் அள்ளி இறுக்கிப் பாருங்கள், உருண்டை பிடிக்க வராது, விரலிடுக்கில் உதிர்ந்து போய்விடும். அதன்மேல் ஜனவரியில் ஒரு பெரிய பனிப்பொழிவு வந்து இறுகி உட்கார்ந்தால், பலகை மாதிரி இறுகிய பலமான ஓர் அடுக்கு, அதைத்தான் ஸ்லாப் என்பார்கள், அதைத் தாங்குவதற்குப் பலமே இல்லாத அடித்தளம். நிழல் விழும் வடக்குப் பார்த்த சரிவுகளில் இந்த நிலைமை வாரக்கணக்கில் மாறாமல் அப்படியே இருக்கும். அதன்மேல் ஓர் ஆள் கால் வைத்தால் போதும். ஆட்கள் சிக்கிய ஸ்லாப் சரிவுகளில் சுமார் 90 சதவீதம், சிக்கியவரோ கூட வந்தவரோ கிளப்பிவிட்டது. யாரோ மலை உச்சியிலிருந்து தள்ளிவிட்டது இல்லை.

ஆற்றோரமாகத்தானே போகிறோம் என்கிறார் மச்சான். நீங்கள் நிற்கும் இடம் சமமாக இருக்கலாம், தலைக்கு மேலே 700 மீட்டருக்கு என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. 2023 ஏப்ரல் 4ஆம் தேதி சிக்கிமில் நாது லா போகும் சாலையில் 7 பேர் இறந்தார்கள், சுற்றுலா வந்தவர்கள், மலை ஏறவே இல்லை. 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத் அருகே மாணாவில் சாலைப் பணியாளர்கள் தங்கியிருந்த முகாம்மேல் சரிந்தது, 46 பேரை மீட்டார்கள், 8 பேர் போய்விட்டார்கள். இரண்டிலும் ஆட்கள் சரிவுக்குக் கீழேதான் இருந்தார்கள். ஹர் கி தூன் மாதிரிப் பள்ளத்தாக்கில் பக்கவாட்டிலிருந்து நாலாக்கள், அதாவது மலையிலிருந்து இறங்கும் ஓடைப் பள்ளங்கள், வந்து பாதையை வெட்டும். குளிர்காலத்தில் அந்த நாலா வாய் ஒவ்வொன்றும் மேலிருந்து வரும் பனிக்கு வடிகால். அதன் எதிரே கூடாரம் போட்டுத் தூங்குவது என்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

காட்டைப் பார்த்தே கொஞ்சம் சொல்லிவிடலாம். அடர்ந்த மரங்களுக்கு நடுவே மேலிருந்து கீழாக ஒரு பட்டை மட்டும் மொட்டையாக இருந்தால், அல்லது மரத்தில் மேட்டுப் பக்கத்துக் கிளைகள் மட்டும் முறிந்து பள்ளத்துப் பக்கக் கிளைகள் நன்றாக இருந்தால், அது பனி வழக்கமாக வரும் தடம். அங்கே நிற்க வேண்டாம், தண்ணீர் குடிக்கக்கூட.

---

முன்னாள்_ஹவில்தார்_ஒரத்தநாடு:

தம்பி, காஷ்மீர்ப் பக்கம் பல குளிர்காலம் பார்த்தவன். மேலே எழுதியவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். நான் கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பீக்கன் தனியாக ஒன்றுக்கும் உதவாது. பீக்கன், ப்ரோப் என்கிற நீளக் கம்பி, மண்வெட்டி, மூன்றும் நாலு பேரிடமும் இருக்க வேண்டும், நாலு பேருக்கும் கண்ணை மூடிக்கொண்டு உபயோகிக்கத் தெரிய வேண்டும். பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும், ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அதைப் பின்தொடர வேண்டும். போனைப் பக்கத்தில் வைத்திருந்தால் அதுவே குழப்பிவிடும், தேடும்போது அரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இடம் கிடைத்ததும் ப்ரோப்பைக் குத்தி ஆள் இருக்கும் ஆழத்தைப் பார்த்து, நேர் மேலிருந்து தோண்டாமல் பள்ளத்துப் பக்கம் இறங்கி நின்று பக்கவாட்டில் தோண்ட வேண்டும். சரிந்து நின்ற பனி சிமென்ட் மாதிரி இறுகிவிடும். உள்ளே இருப்பவனால் விரலைக்கூட அசைக்க முடியாது, வெளியே இருப்பவனால் கையால் ஓர் அடி தோண்ட முடியாது. அதற்குத்தான் மண்வெட்டி.

நேரம் எவ்வளவு தெரியுமா? பழைய ஐரோப்பியக் கணக்குப்படி 15 நிமிஷத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், 35 நிமிஷம் ஆனால் பத்தில் மூன்று பேர். புதுக் கணக்கு அந்தப் பதினைந்தைப் பத்தாகக் குறைத்துவிட்டது. ஓஸ்லாவுக்கு மேலே பத்து நிமிஷத்தில் எந்த மீட்புப் படையும் வராது. கூட வந்தவன்தான் மீட்புப் படை. அவன் இதற்கு முன்னால் பீக்கனைத் தொட்டதில்லை என்றால் வாடகைப் பணம் தண்டம்.

யாராவது சியாச்சினைச் சொல்வார்கள், ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்களே என்று. 2016 பிப்ரவரி 3, சோனம் என்கிற ராணுவ போஸ்ட்மேல் பனி சரிந்தது, மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியனோடு இருந்த பத்துப் பேர், அதில் நாலு பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் ஒருவரைத்தான் உயிரோடு எடுத்தார்கள், அவரும் 11ஆம் தேதி டெல்லி ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அதை நம்பிக்கைக்கு உதாரணமாக யாரும் எடுக்காதீர்கள், கோபம் வரும்.

---

வெண்ணாறு_வீரா:

எல்லோரும் சேர்ந்து பயமுறுத்துகிறீர்கள் சார். கேதார்காந்தாவுக்குக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் போகிறார்கள், காலேஜ் பிள்ளைகள் ஸ்னீக்கர் போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். நானும் போய்வந்தேன். வழியெல்லாம் மேகி கடை. இப்படி எழுதினால் டெல்டாவிலிருந்து ஒருத்தனும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டான்.

---

டேராடூன்_குடந்தையான்:

வீரா, கேதார்காந்தாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லையே. அந்த வழி பெரும்பகுதி காட்டுக்குள், மிதமான ஏற்றம், கடைசிச் சிகர ஏற்றம் மட்டும்தான் செங்குத்து, தினமும் ஆட்கள் நடந்து நடந்து பனி மிதிபட்டிருக்கும், உள்ளூர் கைடுகள் காலையில் பார்த்துவிட்டுத்தான் கூட்டிப்போவார்கள். பெரிய பனிப்பொழிவுக்கு மறுநாள் அங்கேயும் சிகரத்துக்கு விடமாட்டார்கள், விடாவிட்டால் சண்டை போடாமல் திரும்பிவிட வேண்டும். நம் ஆட்கள் அங்கே நின்று 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்' என்று கைடோடு மல்லுக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

மேகி கடை இருக்கிற இடத்தையும், கடைசிக் கால்தடம் முடிகிற இடத்தையும் ஒன்றாகப் பேசுவதுதான் தப்பு. ஊர்க்காரர்கள் போகிறார்களே என்றால், எந்த நாலா எந்த மாதம் வரும் என்று தலைமுறையாகத் தெரிந்தவர்கள் அவர்கள். பெரிய பனி விழுந்தால் அவர்களும் வீட்டில்தான் இருப்பார்கள். அனுபவம் உள்ளவர்கள்கூட மாட்டுகிறார்கள் என்பதற்கு 2022 அக்டோபர் 4 போதும். அதே உத்தரகாசி மாவட்டத்தில் திரௌபதி கா டாண்டாவில், நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு, ஆசிரியர்கள் கூடவே இருந்தார்கள், 27 உடல்களை எடுத்தார்கள். அதே ஆண்டு எவரெஸ்ட் ஏறிவிட்டு வந்த சவிதா கன்ஸ்வாலும் அதில் ஒருவர்.

---

மன்னை_மணி:

எல்லோருக்கும் நன்றி. ஹவில்தார் அண்ணே, நீங்கள் எழுதியதை அப்படியே மச்சானிடம் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், 'சரி, செங்குத்தான இடமாகப் பார்த்து ஒதுங்கிப் போய்விடலாம்' என்றார். அது எங்களால் முடியுமா? எது செங்குத்து என்று எப்படித் தெரியும்? எங்களுக்கு எல்லாமே செங்குத்தாகத்தான் தெரியும்.

---

கணக்கு_வாத்தியார்_திருவாரூர்:

இதற்கு மட்டும் நான் வருகிறேன், என் பாடம்.

ஸ்லாப் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் உள்ள சரிவுகளில்தான் கிளம்புகின்றன, அதிலும் 38ஐ ஒட்டி அதிகம். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடுகிறது, குறைவாக இருந்தால் பெரும்பாலும் வழுக்குவதில்லை. மேப்பில் பார்க்க வேண்டுமானால், 100 மீட்டர் உயரம் ஏற 173 மீட்டர் கிடைத்தூரம் ஆனால் 30 டிகிரி. 100க்கு 100 என்றால் 45. சமவுயரக் கோடுகள் நெருங்க நெருங்கச் சரிவு கூடும். ஆனால் கோடுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சின்னச் செங்குத்தை மேப் காட்டாது. சிறிய சரிவுகூட ஆளைப் பள்ளத்தில் தள்ளிப் புதைக்கப் போதும்.

நேரில் அளக்க இரண்டு நடைக்கோல் போதும், இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒன்றைச் சரிவில் செங்குத்தாக நிறுத்துங்கள். மற்றதைப் படுக்கையாகப் பிடித்து, அதன் முனை மேட்டுப் பக்கத்துப் பனியைத் தொடும்படி, நிற்கும் கோலோடு ஒட்டி மேலும் கீழும் நகர்த்துங்கள். நிற்கும் கோலின் உச்சியில் வைக்கும்போது முனை தொட்டால் 45 டிகிரி. சரிபாதியில் வைக்கும்போது தொட்டால் சுமார் 27. ஆக, பாதிக்கு மேலே போய்விட்டது என்றால் நீங்கள் வில்லங்கமான சரிவுக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆனால் ஒன்று, இதை அளப்பதற்காகச் சந்தேகமான சரிவில் ஏறி நிற்பது முட்டாள்தனம். ஓரத்தில், அதே சாய்வுள்ள சின்ன மேட்டில் செய்து பழகுங்கள், கண் தானாகப் பழகிவிடும்.

---

டேராடூன்_குடந்தையான்:

வாத்தியார் சொன்னதோடு சேர்த்து, நடக்கும்போது மலையே சொல்லும் அடையாளங்கள். பக்கத்துச் சரிவில் புதிதாக ஏதாவது சரிந்திருக்கிறதா, அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. காலை வைத்ததும் அடியில் 'வும்ப்' என்று அடங்கின சத்தத்தோடு பனி ஒரு விரற்கடை அமுங்கினால், அடியில் இருக்கும் பலவீனமான அடுக்கு உடைந்துவிட்டது, சமதளமாக இருந்ததால் தப்பித்தீர்கள். காலடியிலிருந்து விரிசல் முன்னால் ஓடினாலும் அதேதான். அந்த நாள் அத்தோடு முடிந்தது, வந்த தடத்திலேயே திரும்புங்கள். வேறு வழியே இல்லாமல் ஒரு நாலாவைக் கடக்க வேண்டி வந்தால் ஒருவர் ஒருவராக, மற்றவர்கள் ஒதுக்கமான இடத்தில் நின்று கடப்பவர்மேல் கண்ணை எடுக்காமல், நடைக்கோலின் வாரைக் கையில் மாட்டாமல். கடைசியாக எங்கே பார்த்தோம் என்பது தெரிந்தால்தான் தேடவே முடியும். பிப்ரவரி கடைசி, மார்ச்சில் மதிய வெயில் ஏறினால் தெற்குப் பார்த்த சரிவுகளில் ஈரப் பனி இறங்க ஆரம்பிக்கும், அதனால்தான் கைடுகள் இருட்டோடு எழுப்பிக் கிளப்புகிறார்கள்.

குழி தோண்டிப் பார்ப்பது என்று யூடியூபில் பார்த்திருப்பீர்கள். 30 சென்டிமீட்டர் சதுரத்தில் பனியைத் தூண் மாதிரி வெட்டி, மேலே மண்வெட்டித் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில், எந்த அடுக்கில் நழுவுகிறது என்று பார்ப்பார்கள். அழகான சோதனைதான். ஆனால் 'ஒன்றும் நழுவவில்லை, போகலாம்' என்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது, இருபது மீட்டர் தள்ளி வேறு கதையாக இருக்கும். போகக் கூடாது என்பதற்கு வேண்டுமானால் நம்பலாம்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியது டிஜிஆர்இயின் பனிச்சரிவு அறிக்கை. பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் நிறுவனம், முன்பு சாசே என்ற பெயரில் இருந்தது. உத்தரகாசி, சமோலி என்று மாவட்ட வாரியாக அபாய நிலை சொல்வார்கள். ஐந்து படி அளவில் மூன்றைப் பார்த்து 'நடுவில்தானே' என்று கிளம்புவார்கள் பாருங்கள், அந்த மூன்றில்தான் ஏகப்பட்ட பேர் சாகிறார்கள். நாலு, ஐந்து வந்தால் எல்லோரும் பயந்து வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

மணி, என் முடிவைக் கேட்டால்: கேதார்காந்தா போங்கள், சந்தோஷமாக முடியுங்கள். ஹர் கி தூன் குளிர்காலத்தில் கைடு இல்லாமல் வேண்டாம். ஆசை விடவில்லை என்றால் சாங்க்ரியிலேயே உள்ளூர் ஆளை அமர்த்திக்கொள்ளுங்கள், எதுவரை பாதை திறந்திருக்கிறது என்று அவர் சொல்கிற இடத்தோடு நில்லுங்கள். அந்த இடம் முழுக்கக் கோவிந்த் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது, வனத்துறை அனுமதியும் வேண்டும். எங்கே திரும்புவது என்பதைச் சாங்க்ரியில் டீ குடிக்கும்போதே நாலு பேரும் பேசி முடித்துவிடுங்கள், மேலே போய் நின்றுகொண்டு பேசினால் மச்சான்தான் ஜெயிப்பார்.

---

முன்னாள்_ஹவில்தார்_ஒரத்தநாடு:

ஏஜென்சிக்காரனிடமும் கேள் தம்பி. கைடு என்ன பயிற்சி எடுத்தவர், பெரிய பனி விழுந்தால் மாற்றுத் திட்டம் என்ன, முகாம் எந்த நாலாவுக்கு எத்தனை தூரத்தில். 'நோ ப்ராப்ளம் சார்' என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைப் பார்.

---

மன்னை_மணி:

கேட்டுவிட்டேன் அண்ணே. முதல் இரண்டுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள், மூன்றாவதற்குக் கைடையே போனில் பேச வைத்தார்கள், அவர் முகாம் காட்டுக்குள் எங்கே என்று விவரமாகச் சொன்னார். மச்சான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, 'அப்போ ஹர் கி தூன் எப்போதான் போவது' என்று முறைத்துக்கொண்டிருக்கிறார். மே மாதம் எப்படி? பனி இருக்காதா?

---

டேராடூன்_குடந்தையான்:

மே நல்ல மாதம். பாதையில் பெரும்பாலும் பனி உருகியிருக்கும், நாலாக்களில் மட்டும் பழைய பனி பாலம் மாதிரிக் கிடக்கும், அடியில் தண்ணீர் அரித்திருக்கும், அதன்மேல் மதியத்துக்கு மேல் கால் வைக்காதீர்கள். மே நடுவில் கிளம்பினால் ஜூன் 12க்கு மேட்டூர் திறக்கும் முன் ஊருக்கு வந்து குறுவைக்கு நாற்று விடலாம். மச்சானிடம் டிக்கெட்டை இப்போதே போடச் சொல்லுங்கள், கோடை விடுமுறையில் டெல்லி ரயிலில் இடம் கிடைக்காது.